ரோஸான் கேஷும் அப்பா எழுதிக் கொடுத்த நூறு பாட்டும்

1987ல் ரோஸான் கேஷ் என்ற அமெரிக்கப் பாடகியின் 'கிங்ஸ் ரெக்கார்ட் ஷாப்' ஆல்பம் வந்தது. அதில் 'டென்னஸி ஃப்ளாட் டாப் பாக்ஸ்' என்று ஒரு பாட்டு. கிட்டார் வாசிக்கிற ஒரு சின்னப் பையனைப் பற்றிய கதைப்பாட்டு. கணவர் ராட்னி க்ரோவெல் சொல்லி அதைப் பாடினார். யாரோ எப்போதோ எழுதிய பழைய நாட்டுப்பாட்டு, இன்றைக்கு யாருக்கும் சொந்தமில்லாதது என்றுதான் ரோஸான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதை எழுதியது அவருடைய அப்பா.

சாதாரண அப்பாவும் இல்லை. ஜானி கேஷ். 1961ல் அவரே எழுதி, அவரே பாடி ஹிட் ஆன பாட்டு. அப்போது ரோஸானுக்கு ஆறு வயது. மகள் பாடியதும் 1988 ஆரம்பத்தில் அது கன்ட்ரி இசைத் தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது. அப்பா பாடியபோது அவ்வளவு உயரம் போகவில்லை.

இதை முதலில் படித்தபோது, விளம்பரத்துக்காகக் கட்டிவிட்ட கதையோ என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு மகளுக்கு, அதுவும் பாடகிக்கு, அப்பாவின் ஹிட் பாட்டு எப்படித் தெரியாமல் போகும்? அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்த பிறகு, தெரியாமல் போனதுதான் இயல்பு என்று புரிந்தது.

அதற்கு முன்னால் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம்ம ஊரில் பாடலாசிரியர் என்றால் வரிகள் மட்டும் எழுதுகிறவர். மெட்டு வேறொருவர், குரல் இன்னொருவர். அமெரிக்காவில் 'சாங்ரைட்டர்' என்றால் வரியும் மெட்டும் சேர்ந்து ஒரு கையில் பிறக்கும். பெரும்பாலும் குரலும் அவருடையதே. அதனால் அங்கே ஒரு சாங்ரைட்டரின் பிள்ளை பாட வந்தால் வரி, மெட்டு, குரல் மூன்றிலும் அப்பாவோடு ஒப்பிடுவார்கள். தப்பிக்க இடமே கிடையாது.

இன்னொன்று. ஒருவர் ஏற்கெனவே பதிவு செய்து வெளியிட்ட பாட்டை இன்னொருவர் பாடிப் பதிவு செய்ய அமெரிக்கச் சட்டப்படி அனுமதி கேட்க வேண்டியதில்லை. எழுதியவருக்குச் சட்டம் சொல்கிற ராயல்டியைக் கட்டினால் போதும். காப்புரிமை முடிந்த பாட்டென்றால் அதுவும் வேண்டாம். எழுதியவரிடம் போய் நின்று கேட்கும் கட்டாயமே இல்லாததால்தான், அப்பாவின் பாட்டை அப்பாவுக்கே சொல்லாமல் பாடுவது போன்ற வேடிக்கையெல்லாம் நடக்க முடிகிறது.

சரி, ரோஸானுக்கு ஏன் தெரியவில்லை?

அவர் பிறந்தது 1955 மே 24, மெம்ஃபிஸில். ஜானி கேஷின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது அடுத்த மாதம். மகளும் புகழும் ஒரே கோடையில் வந்து சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த வருஷம் மனைவி விவியனுக்கு உண்மையாக இருப்பேன் என்று சத்தியம் செய்வது போல 'ஐ வாக் தி லைன்' எழுதினார் ஜானி. பாட்டு உலகப் புகழ் பெற்றது. சத்தியம் நிற்கவில்லை. அறுபதுகளில் ஜானி வருஷத்தின் பெரும்பகுதி சாலையில்தான். போதை மாத்திரை வேறு. 1965ல் எல் பாஸோவில் மாத்திரைகளோடு பிடிபட்டுக் கைதும் ஆனார். கடைசியில் விவாகரத்து. 1968ல் ஜூன் கார்ட்டரை மணந்துகொண்டு அவர் டென்னஸி பக்கம் இருக்க, ரோஸானும் மூன்று தங்கைகளும் கலிஃபோர்னியாவில் அம்மாவோடு வளர்ந்தார்கள்.

ஆக, அப்பாவின் பாட்டு அந்த வீட்டில் வெறும் பாட்டு இல்லை. வீட்டில் இல்லாத ஆளின் குரல். அவர் வளர வளரக் காதில் விழுந்தது பீட்டில்ஸும், கலிஃபோர்னியா ரேடியோவில் ஓடிய ராக் பாட்டுகளும்தான். அப்பா ஆறு வயதில் பாடிய பாட்டு காதில் விழுந்திருக்கலாம், பெயரில்லாமல் மனதில் எங்கேயோ தங்கியும் இருக்கலாம். யாரோ எழுதியது என்று அவருக்குத் தோன்றியதன் ரகசியம் இதுதான் என்பது என் ஊகம்.

1973ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பதினெட்டு வயது ரோஸான் அப்பாவின் கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். பேருந்தில் போகும்போது பாட்டுகளைப் பற்றிப் பேச்சு. அப்பா ஒரு பாட்டின் பெயரைச் சொல்கிறார். தெரியாது என்கிறார் மகள். இன்னொன்றைச் சொல்கிறார். அதுவும் தெரியாது. ஜானி கேஷ் பதறிவிட்டார். அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினார். கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய நூறு கன்ட்ரி பாட்டுகள் என்று தலைப்பும் போட்டு, இதுதான் உனக்குப் படிப்பு என்ற பொருளில் சொல்லிக் கையில் கொடுத்தார்.

தலைப்பில்தான் 'கன்ட்ரி'. உள்ளே மலைநாட்டுப் பழம்பாடல்கள், தேவாலயப் பாட்டுகள், ப்ளூஸ், போராட்டப் பாட்டுகள் எல்லாம் உண்டு. கர்நாடக சங்கீதத்தில் பாடாந்தரம் என்று சொல்வார்களே, இன்னார் வழியாக இன்னாருக்கு வந்த பாட்டுச் சொத்து, கிட்டத்தட்ட அதைத்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார் மனுஷன். கூடவே அந்தக் குழுவில் இருந்த ஹெலன் கார்ட்டர், மேபெல் கார்ட்டர், கார்ல் பெர்கின்ஸ் ஆகியோரிடம் ரோஸான் கிட்டார் கற்றுக்கொண்டார். மேபெல் யார் தெரியுமா? ஜூன் கார்ட்டரின் அம்மா. 1927லேயே இசைத்தட்டில் பாடிய கார்ட்டர் குடும்பத்தின் கிட்டார் கை. அவர் வாசித்த விதத்தைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் பாதிப் பேர் கிட்டார் பழகினார்கள். அவர் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லித் தருகிறார். இதற்கு மேல் என்ன குருகுலம் வேண்டும்?

ஆனால் ரோஸான் அந்தப் பட்டியலைப் பாட்டாக்க உடனே கிளம்பவில்லை. பத்திரமாக எடுத்து வைத்தார். அது ஆல்பமாக வந்தது 2009ல். நடுவில் 36 வருஷம். எனக்கு ஆர்வம் தருவது இந்த இடைவெளிதான்.

லண்டனில் ஒரு இசைத்தட்டு கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை, நாஷ்வில்லில் கல்லூரி, லாஸ் ஏஞ்சலஸில் நடிப்புப் பள்ளி என்று சுற்றிவிட்டு, முதல் ஆல்பத்தை அவர் பதிவு செய்தது ஜெர்மனியில். 1978ல் ஐரோப்பாவில் மட்டும் வெளியானது. அப்பா பெயர் சுவரில் ஒட்டாத ஊராகப் பார்த்துத் தொடங்கினார் போலிருக்கிறது. பிறகு கொலம்பியா நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. அது அப்பா 1958லிருந்து பாடிக்கொண்டிருந்த அதே நிறுவனம். 1979ல் க்ரோவெல்லோடு திருமணம். அவர்தான் தயாரிப்பாளரும்.

1981ல் 'செவன் இயர் ஏக்'. கணவரோடு உணவகத்துக்கு வெளியே போட்ட சண்டையிலிருந்து பிறந்த பாட்டு. கன்ட்ரி பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலிலும் 22ஆம் இடம் வரை ஏறியது. அப்புறம் வரிசையாக ஹிட். 1983ல் கிராமி விருது கைவிட்டுப் போன இரவு, புதுத் துணி புதுச் செருப்பெல்லாம் போட்டுக்கொண்டு போயும் என்னை வேண்டாம் என்றுவிட்டார்களே என்று காரில் கேலியாக முணுமுணுத்ததை ஒரு பாட்டாக்கினார். அந்தப் பாட்டே அவருக்கு முதல் கிராமியை வாங்கிக் கொடுத்தது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1981 முதல் 1989 வரை அவருக்கு 11 பாட்டுகள் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். அதில் அவரே எழுதியதும், சேர்ந்து எழுதியதும் 4 மட்டும். மீதி ஏழும் மற்றவர்கள் எழுதியவை. ஜான் ஹையட் ஒன்று, டாம் பெட்டி ஒருவரோடு சேர்ந்து எழுதியது ஒன்று, பீட்டில்ஸ் பாட்டு ஒன்று, இப்படி. நாம் முதலில் பார்த்த அப்பாவின் பாட்டும் இந்த ஏழில் அடக்கம். அதாவது உலகம் அவரை அப்போது ஒரு நல்ல பாடகியாகப் பார்த்தது. எழுத்தாளராகப் பாதிதான்.

'டென்னஸி ஃப்ளாட் டாப் பாக்ஸ்' வந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். 1986ல் கொலம்பியா ஜானி கேஷைக் கைகழுவிவிட்டது. 28 வருஷம் பாடிக் கொடுத்தவர், இனி விற்பனை இல்லை என்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அடுத்த வருஷம் அதே நிறுவனத்துக்கு அவருடைய 26 வருஷப் பழைய பாட்டை மகள் பாடிக் கொடுக்கிறார். அது முதலிடம் பிடிக்கிறது. பழிவாங்கும் எண்ணமாக இருந்திருந்தால் இது சாதாரணக் கதையாகியிருக்கும். யார் பாட்டென்றே தெரியாமல், நல்ல பாட்டு என்பதற்காக மட்டும் பாடினார் பாருங்க, ஜானிக்கு அதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது. தன் வாழ்க்கையின் பெரிய நிறைவுகளில் ஒன்று என்று அவரும் இதைப் பிறகு குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த ஆல்பத்திலிருந்து மட்டும் நாலு பாட்டு முதலிடம். உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒரு கனவு வந்ததாக, 2010ல் வந்த 'கம்போஸ்ட்' என்ற தன் நினைவு நூலில் எழுதுகிறார். ஒரு விருந்தில் ஒரு முதியவர். பெயர் ஆர்ட். கலை என்று பொருள்படும் அதே சொல். அவர் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டோடு ஆழ்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். ரோஸான் பேச்சில் கலந்துகொள்ளப் பார்க்கிறார். சும்மா பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்கு இங்கே இடமில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். விழித்தெழுந்த ரோஸான் அதை லேசாக விடவில்லை. குரல் பயிற்சிக்குப் போனார், ஓவியம் பழகினார், எழுத்தில் உட்கார்ந்தார்.

1990ல் 'இன்டீரியர்ஸ்'. அவரே தயாரிப்பு. எல்லாப் பாட்டும் அவர் எழுதியது அல்லது சேர்ந்து எழுதியது. உடைந்துகொண்டிருந்த திருமணத்தைப் பற்றிய இருண்ட, மெல்லிய பாட்டுகள். நாஷ்வில் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, இதை வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்ற அளவில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கன்ட்ரி இசை வியாபாரம் அப்போது ரேடியோவை நம்பியே நடந்தது. ஆல்பத்திலிருந்து ஒவ்வொரு பாட்டாக உருவி ரேடியோ நிலையங்களுக்குத் தள்ளுவார்கள். காரில் போகிறவர் கேட்டு உற்சாகமாகத் தட்டாளம் போட வேண்டும். இந்த ஆல்பத்தில் அப்படி உருவ ஒன்றும் இல்லை. ரோஸான் என்ன செய்தார்? கொலம்பியாவின் நியூயார்க் பிரிவுக்கு என்னை மாற்றிவிடுங்கள் என்று கேட்டார். மாற்றினார்கள். 1991ல் ஊரையும் மாற்றிக்கொண்டார். 1992ல் விவாகரத்து.

11 முதலிடம் என்று சொன்னேன் அல்லவா, கடைசியாக வந்தது 1989ல். அதற்குப் பிறகு இன்று வரை ஒன்றுகூட இல்லை.

என் பார்வையில் அவருடைய உண்மையான வேலை ஆரம்பிப்பதே இங்கேதான். எண்பதுகளின் ஆல்பங்களை இன்று கேட்டால் அந்தக் கால கீபோர்டு சத்தம் பாட்டின் மேல் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கிறது. 'இன்டீரியர்ஸ்' அப்படி இல்லை, இன்னும் பழசாகவில்லை. கன்ட்ரி உலகில் ஜானி கேஷின் மகள் என்ற பெயருக்கு மதிப்பு அதிகம் இருந்த இடம் நாஷ்வில். மதிப்பு அதிகம் உள்ள இடத்தைவிட்டு அவர் தானாகவே வெளியேறினார்.

நியூயார்க்கில் கிட்டார் கலைஞரும் தயாரிப்பாளருமான ஜான் லெவந்தாலை 1995ல் மணந்தார். 1998ல் கர்ப்பமாக இருந்தபோது குரல் நாணில் ஒரு கட்டி. பாட முடியாமல் போனது. இரண்டு மூன்று மாதம் இல்லை, இரண்டரை வருஷம். பாடகிக்கு இதைவிடக் கொடுமை வேண்டாம். அந்தக் காலத்தில் உரைநடை எழுதினார். குரல் மெதுவாகத் திரும்பியதும் 2003ல் 'ரூல்ஸ் ஆஃப் டிராவல்' வந்தது.

அதில் அப்பாவோடு சேர்ந்து பாடிய பாட்டு ஒன்று உண்டு. 'செப்டம்பர் வென் இட் கம்ஸ்'. வரிகள் ரோஸான், மெட்டு லெவந்தால். முதுமையையும் முடிவையும் பற்றியது. பாட வர முடியுமா என்று அப்பாவைக் கேட்டபோது, முதலில் வரிகளைப் படித்துப் பார்க்க வேண்டும் என்றாராம்! பெற்ற மகள், உடம்பு முடியாத வயது, ஆனாலும் பாட்டு நன்றாக இருந்தால்தான் பாடுவேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மகளை ஒரு எழுத்தாளராக நடத்திய விதம் அது. படித்தார், பாடினார். நடுங்குகிற, தளர்ந்த அந்தக் குரலைக் கேட்டுப் பாருங்கள்.

2003 மே மாதம் ஜூன் கார்ட்டர் காலமானார். செப்டம்பர் 12ஆம் தேதி ஜானி கேஷ். 2005 மே 24ஆம் தேதி அம்மா விவியன். அன்று ரோஸானின் ஐம்பதாவது பிறந்தநாள்.

இந்த மூன்று மரணங்களிலிருந்து வந்தது 2006ன் 'பிளாக் கெடிலாக்'. கடைசி டிராக்கில் பாட்டு இல்லை, 71 விநாடி மௌனம். அப்பா அம்மா இருவரும் இறந்தது 71 வயதில். வேறு யாராவது செய்திருந்தால் வித்தை காட்டுகிறார்கள் என்று சொல்லியிருப்பேன்.

அப்பா போன பிறகு பிள்ளைகளுக்கு இன்னொரு உத்தியோகமும் வந்து சேர்கிறது, காவல் வேலை. 2004ல் 'ரிங் ஆஃப் ஃபயர்' பாட்டை மூல நோய் மருந்து விளம்பரத்துக்குக் கேட்டார்கள். பாட்டின் தலைப்பு 'நெருப்பு வளையம்', கேட்டவர்களின் கற்பனையை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். ஜூனோடு சேர்ந்து அதை எழுதிய மெர்ல் கில்கோருக்கு அது சிரிப்பாகத்தான் பட்டது. குடும்பம் முடியவே முடியாது என்றுவிட்டது. 2017ல் ஒரு நாஜி ஆதரவாளர் ஜானி கேஷ் பெயர் போட்ட சட்டையோடு செய்திப் படத்தில் தெரிந்தபோதும் பிள்ளைகள் சேர்ந்து கண்டன அறிக்கை விட்டார்கள்.

2007ல் ரோஸானுக்கு மூளையில் அறுவை சிகிச்சை. தேறி எழுந்த பிறகு அந்தப் பட்டியலை எடுத்தார். 2009ல் 'தி லிஸ்ட்'. நூறில் 12 பாட்டுகள். கார்ட்டர் குடும்பம் 1927ல் பாடியது ஒன்று, ஹாங்க் வில்லியம்ஸ் பாடியது ஒன்று, பாப் டிலனின் 'கேர்ள் ஃப்ரம் தி நார்த் கன்ட்ரி'. இந்தக் கடைசிப் பாட்டை ஜானி கேஷ் 1969ல் டிலனோடு சேர்ந்தே பாடியிருக்கிறார். 'லாங் பிளாக் வெய்ல்' உண்டு. அது 1959ல், வேண்டுமென்றே பழைய நாட்டுப்பாட்டு மாதிரி ஒலிக்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதப்பட்டது. அப்பாவின் பாட்டை ஊர்ப்பாட்டென்று நினைத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு உண்டா? துணைக்குப் பாட வந்தவர்களில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், எல்விஸ் காஸ்டெல்லோ, ஜெஃப் ட்வீடி. ரூஃபஸ் வெய்ன்ரைட்டும் இருக்கிறார். அவருக்கு அப்பா அம்மா இருவருமே சாங்ரைட்டர்கள், அது தனிப் பதிவுக்கான விஷயம்.

நேர்மையாகச் சொன்னால் 'தி லிஸ்ட்' ஆல்பத்தில் ஒன்றிரண்டு பாட்டுகள் எனக்கு ரொம்ப மரியாதையாக, கைகட்டி நின்று பாடியது போல இருக்கின்றன. ஆனால் 18 வயதில் பாடியிருந்தால் அப்பாவைப் போலப் பாடியிருப்பார். 54 வயதில் அவருக்கென்று ஒரு குரல் இருந்தது. பெரியவர் ஒருவர் பாட்டை எப்படிக் கையில் எடுப்பாரோ அப்படி எடுக்கிறார்.

அதன் பலன் அடுத்த ஆல்பத்தில் தெரிகிறது. ஆர்கன்ஸா மாநிலத்தில் டயஸ் என்ற சிற்றூரில்தான் ஜானி கேஷ் வளர்ந்தார். 1930களில் பஞ்சம் பிழைக்க வந்த பருத்தி விவசாயிகளுக்காக அரசு ஏற்படுத்திய குடியிருப்பு அது. சிதைந்துபோன அந்த வீட்டை ஒரு பல்கலைக்கழகம் சீரமைக்கத் தொடங்கியது. அந்த வேலைக்காக ரோஸான் திரும்பத் திரும்பத் தெற்கே போனார். 2014ல் 'தி ரிவர் அண்ட் தி த்ரெட்' வந்தது. அந்த மண்ணில் பருத்தி எடுத்த பாட்டியைப் பற்றி ஒரு பாட்டு. அப்பாவின் முதல் குழுவில் பேஸ் வாசித்த மார்ஷல் கிராண்டைப் பற்றி இன்னொன்று. அவரும் மனைவி எட்டாவும் தினமும் காலையில் வெளியே வெப்பம் எவ்வளவு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்களாம். அந்தச் சின்ன வழக்கத்திலிருந்து பாட்டு தொடங்குகிறது. முன்னாள் கணவர் க்ரோவெல்லும் இந்நாள் கணவர் லெவந்தாலும் அவரோடு சேர்ந்து எழுதிய பாட்டும் ஒன்று உண்டு, நம்ம ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். 2015ல் மூன்று கிராமி. முதல் கிராமிக்கும் இதற்கும் நடுவே கிட்டத்தட்ட முப்பது வருஷம்.

கேட்க விரும்புகிறவர்கள் தேதி வரிசையில் போக வேண்டாம். முதலில் 'தி ரிவர் அண்ட் தி த்ரெட்'. பிடித்திருந்தால் 'இன்டீரியர்ஸ்', ராத்திரியில், தனியாக. பிறகு 'டென்னஸி ஃப்ளாட் டாப் பாக்ஸ்' இரண்டையும், 1961ல் அப்பா பாடியது, 1987ல் மகள் பாடியது, அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். மகளுடையதில் கிட்டார் வாசித்திருப்பவர் ராண்டி ஸ்க்ரக்ஸ். அவர் பாஞ்சோ மேதை ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மகன்.